காயம் ஆறியும் ஆறாத வலி



அந்தமான் தீவுகளின் தலைநகரில் ஹேடோ என்றொரு துறைமுகப் பகுதி உண்டு. போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரம் அது. சென்னையில் புறப்படும் பயணிகள் கப்பல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, மூன்று நாள் அளவில் ஹேடோ ஜெட்டியை வந்தடைகிறது. பெட்டியும் படுக்கையும் ஊறுகாய்ச் சாடியும் சுமந்து அங்கே இறங்குவோரில் தமிழர் பலர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அத்தீவுகளில் வாழ்வோருள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தாயகத்தைவிட்டு அயல் மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு, அந்த ஜெட்டியில் இறங்கும் மக்களின் மனநிலையை நாம் விளக்க வேண்டியதில்லை.

அக்கப்பலில் வரும் ஓர் அம்மையாரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். நாற்பது வயதிருக்கும். ‘பங்க்’ வகுப்பில் இடம் தேடும்போது, காற்று வரும் இடத்தை அவர் தேடவில்லை. கழிப்பறைக்கு அருகிலுள்ள இடத்தையே தேடினார். மூன்று நாளும் தண்ணீரை அளந்தளந்து குடித்தார். பகலிலும் இரவிலுமாக இருபது முறை எழுந்து சென்றார். சிறுநீர்ப்பை சற்றே நிறைந்தாலும் அடிவயிற்றில் ஒரு வலி. கழித்தபின் சிறிது ஆறுதல். மீண்டும் அதே வலி. இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்கு நீர்க்கடுப்பு வந்தது. மருந்து உண்டார், கிருமி ஒழிந்தது, ஆனால் வலி ஒழியவில்லை. சிறுநீரைச் சோதித்தார்கள், குற்றமில்லை. ஒலியலைப் படம் எடுத்தார்கள், குற்றமில்லை. “உங்களுக்கு ஒன்றுமில்லை, அம்மா” என்ற சொல்லோடு வீடு திரும்பினார். வீட்டிலோ, “எல்லாம் மனப்பிரமை” என்றார்கள்.

இந்த அம்மையார் நாம் கற்பித்துக்கொண்டவர். அவர் படும் துன்பம் கற்பனையன்று. ஒவ்வோர் ஊரிலும் இப்படிப்பட்டவர் இருக்கின்றனர். ஆடவரும் இதற்கு விலக்கல்லர். அவர்களுள் பலர் விரைக்கும் ஆசனவாய்க்கும் இடையே ஓயாத வலியோடு, சுக்கிலச் சுரப்பியில் கிருமி என்று கருதி, மருந்தின்மேல் மருந்தாக உண்டு வருகின்றனர். வெளியில் சொல்லக் கூச்சம் தரும் இடத்தில் வலி. சோதனையில் எதுவும் புலப்படாத வலி. ஆகவே இருமடங்கு தனிமை. “ஒன்றுமில்லை” என்ற சொல் சரிதானா? வலி உண்மையானால் அது எங்கே இருக்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் பெயரைக் குறித்துவிடுவோம். 1915-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், கை ஹன்னர் என்ற மகளிர் மருத்துவர், சிறுநீர்ப்பையின் உட்சுவரில் செந்நிறப் புண் கொண்ட பெண்கள் சிலரைப் பற்றி எழுதினார். அவர்கள் பல்லாண்டு வலியோடு மருத்துவர் பலரை நாடி அலைந்தவர்கள். அப்புண் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் பின்வந்த ஆராய்ச்சி காட்டியது என்ன? இவ்வகை வலியுடையோரில் ஒரு சிறு பகுதியினருக்கே அப்புண் தென்படுகிறது. மற்றையோரின் சிறுநீர்ப்பை, கருவிகொண்டு உள்ளே நோக்கினும் பெரும்பாலும் இயல்பாகவே காணப்படுகிறது. எனவே மருத்துவ உலகம் இன்று இதனைச் ‘சிறுநீர்ப்பை வலி நோய்த்தொகுதி’ என்கிறது. புண்ணைக் கொண்டு பெயரிடாமல் வலியைக் கொண்டே பெயரிட்டிருப்பது கருதத்தக்கது.

வலி என்பது எதற்காக நமக்கு அமைந்தது? இவ்வினாவுக்குத் தமிழ்நாடு உலகுக்கே ஒரு விடை தந்திருக்கிறது. 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேயர். 1946-ஆம் ஆண்டு அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். அவர் நெருங்கி ஆராய்ந்தார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுடுகின்ற பாத்திரத்தையும் கூரிய கல்லையும் நோயாளி உணர்வதில்லை. நாள்தோறும் ஏற்படும் காயங்களே விரலைத் தின்கின்றன என்று கண்டார். ஆகவே வலி நம் பகைவன் அன்று, உறங்காத காவலன். அக்காவலன் இறந்துபட்டால் உடல் அழியும். இதன் மறுபுறத்தையும் எண்ண வேண்டும். கள்வன் ஓடிய பின்னும் இரவு முழுதும் கூவிக்கொண்டே இருக்கும் காவலனால் வீட்டார்க்கு உறக்கம் ஏது? நாட்பட்ட வலி என்பது இத்தகைய காவலனின் நிலை.

இனி அக்காவலன் செய்தி அனுப்பும் வழியைக் காண்போம். சிறுநீர்ப்பை தசையாலான ஒரு பை. வளர்ந்தவர்க்கு அது 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதன் சுவரிலிருந்து இரு வழிகளில் நரம்பிழைகள் புறப்படுகின்றன. ஒரு வழி இடுப்பு நரம்பு. அது தண்டுவடத்தின் கடைப்பகுதியான இரண்டு முதல் நான்கு வரையுள்ள திரிக உறுப்புகளில் சேர்கிறது. மற்றொரு வழி சற்று மேலே, மார்பின் கீழெல்லையிலும் இடுப்பின் மேலெல்லையிலும் தண்டுவடத்தைச் சேர்கிறது. தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் மூளையிலிருந்து தொங்கும் சுண்டுவிரல் பருமனுள்ள நரம்புத் தொகுதி. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். அது முதுகெலும்பு முழுதும் நீள்வதில்லை. இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கீழே நரம்பிழைகள் மட்டும் குதிரைவாலைப்போல் தொங்குகின்றன. எனவே அடிவயிற்றின் செய்தியைப் பெறும் நிலையம், நம் கையால் தொட்டுக் காட்டினால், பின்புறம் கடைசி விலா எலும்பின் மட்டத்தில் இருக்கிறது.

உள்ளுறுப்புகளின் நரம்பிழைகள் பேசும் மொழியைத் தனித்தனி இழையாகப் பிரித்துக் கேட்ட அறிஞர்களுள் ஓர் இந்தியர் முன்னணியில் நின்றார். அவர் ஆட்டார் சிங் பெயிண்டல். அந்தமான் கடலுக்கு அப்பால் உள்ள பர்மாவின் மோகோக் என்ற ஊரில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர்; லக்னோவில் மருத்துவம் பயின்றவர்; எடின்பரோவில் ஆராய்ந்தவர்; தில்லியின் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிலையத்தை வழிநடத்தியவர். வயிறு விரியும்போது செய்தி அனுப்பும் நரம்பு முனைகளையும், நுரையீரலில் மூச்சுத்திணறலை உணர்த்தும் முனைகளையும் 1950-களில் அவர் கண்டறிந்தார். அதே ஆண்டுகளில், அதே எடின்பரோவில், ஐன்ஸ்லி இக்கோ என்பவர் சிறுநீர்ப்பைச் சுவரின் இழுவிசையை உணரும் இழைகளை 1955-ஆம் ஆண்டு விவரித்தார். பை நிறைய நிறைய அவ்விழைகள் விரைந்து துடிக்கின்றன. அத்துடிப்பே ‘எழுந்திரு’ என்னும் கட்டளையின் தொடக்கம்.

அண்மைக்கால ஆராய்ச்சி மேலும் நுட்பமானது. பையின் உட்சுவர்த் தோல் வெறும் மெழுகுத்துணி அன்று. தானே உணரும் திறன் உடையது. அது விரியும்போது ஏ.டி.பி. என்னும் பொருளைக் கசியவிட, அப்பொருள் அருகிலுள்ள நரம்பு முனையைத் தட்டி எழுப்புகிறது. விரிவை உணரும் பியெசோ என்னும் புரதத்தைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனும், மிளகாயின் காரத்தையும் வெம்மையையும் உணரும் வாயிற்புரதத்தை 1997-ஆம் ஆண்டு கண்ட டேவிட் ஜூலியசும் 2021-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பியெசோ புரதத்தின் ஒரு வகை பிறவியிலேயே இல்லாதவர்களுக்குப் பை நிறைவது தெளிவாகத் தெரிவதில்லை. அவர்களுள் சிலர் கடிகாரத்தைப் பார்த்தே சிறுநீர் கழிக்கின்றனர். மிளகாய்ப் பொடி பட்ட கண் எரிவதை நாம் அறிவோம். அக்காரத்துக்குத் திறக்கும் அதே வாயில், சிறுநீர்ப்பையின் நரம்பு முனைகளிலும் அமைந்திருக்கிறது. அழற்சி தோன்றும்போது அவ்வாயில் சிறு தூண்டலுக்கும் திறந்துகொள்கிறது. அதற்குமுன் வாய் திறவாதிருந்த ஊமை இழைகளும் பேசத் தொடங்குகின்றன. நீர்க்கடுப்பின் எரிச்சல் இவ்வாறே பிறக்கிறது.

இதுவரை சொன்னது பையின் கதை. கிருமி ஒழிந்து, சுவர் ஆறிய பிறகும் வலி நிற்பது ஏன்? விடை தண்டுவடத்தில் இருக்கிறது.

தண்டுவடத்தை ஓர் அஞ்சல் நிலையமாக எண்ணிக்கொள்வோம். உடலின் மூலை முடுக்குகளிலிருந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றைப் பெறுவது ‘பின்கொம்பு’ என்னும் பகுதி. எதை மேலிடத்துக்கு, அதாவது மூளைக்கு, அனுப்புவது, எதை ஒதுக்குவது, எதை அவசரமாக்குவது என்று அங்குள்ள நரம்பணுக்கள் முடிவு செய்கின்றன. கனடா நாட்டு ரொனால்டு மெல்சாக், இங்கிலாந்தின் பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965-ஆம் ஆண்டு இதனை ஒரு ‘வாயில்’ என்று கூறினர். வலியின் செய்தி அவ்வாயிலில் தடையுறலாம், தாராளமாகவும் நுழையலாம். இடித்த முழங்காலை நாம் உடனே தேய்ப்பது ஏன்? தேய்த்தலின் தொடுசெய்தி அவ்வாயிலை ஓரளவு மூடுகிறது. பாட்டிமார் கைவைத்தியத்தில் ஒரு பகுதி இவ்வாறு அறிவியலின் ஒப்புதலைப் பெற்றது.

இந்நிலையத்தில் செய்தியைக் கைமாற்றும் பொருள்களுள் தலையாயது குளூட்டமேட். இதனோடு ‘பி’ என்னும் பொருளும் சேர்ந்து சுரக்கிறது. அது 1931-ஆம் ஆண்டிலேயே ஆய்லர், கேடம் என்ற இருவரால் கண்டறியப்பட்டது. சிறு வலிக்குச் சிறிதளவு குளூட்டமேட் போதும், செய்தி போகும், நிலையம் அமைதியாகும். ஆனால் வலிச்செய்தி ஓயாமல், நாட்கணக்கில், வாரக்கணக்கில் வந்து குவிந்தால் நிகழ்வது வேறு. பெறும் அணுவில் மற்றொரு வாயில் உண்டு. இயல்பான காலத்தில் மக்னீசியம் என்னும் தாழ்ப்பாள் அதனை அடைத்திருக்கும். செய்திகளின் வெள்ளம் அத்தாழ்ப்பாளைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தின் அயனிகள் உள்ளே பாய்கின்றன; அணுவின் உட்செயல் மாறுகிறது; அது முன்பினும் எளிதில் துடிக்கத் தலைப்படுகிறது. ஒரே அளவான தூண்டலை வினாடிக்கொருமுறை மெல்லிய இழைகளில் செலுத்தினால், தண்டுவட அணுவின் விடை ஒவ்வொரு முறையும் பெருகுவதை லோர்ன் மெண்டெல் 1966-ஆம் ஆண்டு பூனைகளில் காட்டினார். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் அது முறுக்கேறுகிறது.

அதனினும் முக்கியமான சோதனை 1983-ஆம் ஆண்டு வெளிவந்தது. கிளிஃபோர்டு வூல்ஃப் என்பவர் எலிகளின் பாதத்தில் காயம் உண்டாக்கி, தண்டுவடத்தின் எதிர்வினையை அளந்தார். அது பெருகியிருந்தது. பின்னர் காயம்பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்தார். வலிக்குக் காரணம் காயத்தில் மட்டும் இருந்தால், எதிர்வினை பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும் அன்றோ? அவ்வாறு திரும்பவில்லை. காயத்தின் குரல் அடங்கிய பின்னும் தண்டுவடம் தன் மிகை விழிப்பைக் கைவிடவில்லை. இதனை ‘மைய நரம்பின் கூருணர்ச்சி’ என்கின்றனர். சோதனையில் குற்றம் காணப்படாத வலிக்கு இதுவே முதன்மையான விளக்கம்.

நம்முள் முதியோர்க்கு ஒரு நினைவு இருக்கும். ஊரிலிருந்து கடிதம் வந்தால் மகிழ்ச்சி. தந்தி வந்தால் நெஞ்சு பதறும். பிரித்துப் படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகுரல் எழும். 2013-ஆம் ஆண்டோடு இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. அந்தப் பதற்றம் பலர் நெஞ்சிலிருந்து நீங்கவில்லை. கூருணர்ச்சி பெற்ற தண்டுவடம், வருகிற ஒவ்வொரு சாதாரணக் கடிதத்தையும் தந்தியாக மாற்றி மேலே அனுப்பும் நிலையம். பை சற்றே நிறைந்தது என்பது சாதாரணக் கடிதம். மூளையின் கையில் சேரும்போது அது ‘ஆபத்து’ என்னும் தந்தி. அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. பெற்றவரும் பொய் சொல்லவில்லை. இடையிலுள்ள நிலையமே மாறிவிட்டது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிலமும் கடலும் பொங்கியதைக் கண்ட தீவினர்க்கு இதனை வேறு வகையாலும் சொல்லலாம். அதன்பின் பல திங்கள் சிறு அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. கதவு அசைந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியவர் எத்தனை பேர்! அவர்களை யாரும் பைத்தியக்காரர் என்று சொல்லவில்லை. பேரிடரைக் கண்ட உள்ளம் சிற்றதிர்வையும் பேரிடராக எண்ணுவது இயல்பு. தண்டுவடமும் அவ்வாறே கற்றுக்கொள்கிறது. கற்றதை மறக்கத்தான் அதற்கு உதவி வேண்டும்.

இம்மாற்றத்தில் நரம்பணுக்கள் மட்டும் பங்கு கொள்வதில்லை. அவற்றைச் சூழ்ந்துள்ள மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் விழித்தெழுந்து, நரம்பு வளர்ப்புப் புரதம் ஒன்றைச் சுரப்பதாகவும், அதனால் வலியைத் தடுக்கும் அணுக்களின் குரல் வலிமை இழப்பதாகவும் விலங்கு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. முடுக்கி அழுத்தப்படுகிறது, அதே நேரத்தில் தடையும் தளர்கிறது. வண்டி ஓடாமல் என்ன செய்யும்?

இன்னொரு புதிரும் உண்டு. இத்துன்பம் உடையவருக்கு இடுப்பும் தொடையின் உட்புறமும் நோகும். மலச்சிக்கலும் வயிற்றோட்டமும் மாறிமாறி வரும். தாம்பத்திய உறவு வேதனையாகும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவரை நாடி அலைவர். உண்மையில் சிறுநீர்ப்பை, பெருங்குடல், கருப்பை, அடிவயிற்றுத் தோல், இடுப்புத்தளத் தசை ஆகிய பலவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தின் அதே சிறு பகுதியில் வந்து கூடுகின்றன. அஞ்சல் நிலையம் ஒன்றே. கடிதம் அனுப்பும் தெருக்கள் பல. ஒரு தெருவின் கூச்சலால் நிலையம் கலங்கினால், மற்றத் தெருக்களின் கடிதங்களும் தந்தியாகும். குடலை உறுத்தினால் சிறுநீர்ப்பையும் கூருணர்ச்சி பெறுவதை விலங்குகளில் கண்டுள்ளனர். அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆராய்ச்சி நிலையங்கள் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய கூட்டாய்வும், இந்நோயர் பலருக்கு வலி இடுப்புக்கூட்டோடு நில்லாமல் உடலின் பிற பகுதிகளிலும் பரவியிருப்பதைக் கண்டது. வலியைக் கண்டு அஞ்சும் இடுப்புத்தளத் தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசையே புதிய வலிக்குப் பிறப்பிடமாகிறது. அவ்வலி மீண்டும் தண்டுவடத்தைக் கலக்குகிறது. இவ்வாறு ஒரு சுழல்.

மூளையும் வாளாவிருப்பதில்லை. அதன் அடித்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகள், செரட்டோனின், நோரட்ரினலின் என்னும் பொருள்களைக்கொண்டு, வலியைத் தணிக்கவும் செய்யும். சில வேளை பெருக்கவும் செய்யும். போர்க்களத்தில் வெட்டுண்ட வீரன் அந்நேரம் வலி உணராதது தணிக்கும் கட்டளையால். அச்சம், உறக்கமின்மை, துயரம், பிறர் ஏளனம் ஆகியவை பெருக்கும் பக்கம் நிற்பவை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் புகழ்பெற்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் ஓர் எளிய கண்ணாடியைக்கொண்டு, வெட்டி நீக்கப்பட்ட கையில் தோன்றும் வலி சிலருக்குத் தணிவதைக் காட்டினார். இல்லாத கையில் வலி இருக்க முடியுமானால், புண்ணில்லாத பையில் வலி இருப்பதில் வியப்பென்ன? ‘மனம் வலியைப் பாதிக்கிறது’ என்பது வேறு; ‘வலி மனப்பிரமை’ என்பது வேறு. முன்னது உண்மை; பின்னது அறியாமை.

இனி, செய்யத்தக்கது யாது? முதற்கண், சோதனையைத் தவிர்த்துத் ‘தண்டுவடத்தின் வேலை’ என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. கிருமித்தொற்று, கல், கட்டி, நம் நாட்டில் இன்னும் மறையாத சிறுநீர்த்தடக் காசநோய் ஆகியவை இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். வெந்தயம் ஊறிய நீரும் இளநீரும் மோரும் ‘சூட்டைத் தணிக்கும்’ என்று அருந்துவதில் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால் அவற்றையே நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடுவது தீங்கு. சிறுநீரில் குருதி, குளிர்க்காய்ச்சல், சிறுநீர் அடைபட்டு வெளிவராமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கால்கள் தளர்ந்து, இருக்கும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனால், குதிரைவால் நரம்புகள் நசுங்குகின்றன என்று ஐயுற்று, ஒரு மணி நேரமும் தாழ்க்கலாகாது.

இவை எவையும் இல்லையெனத் தெளிந்தபின், மருத்துவத்தின் குறி நிலையத்தை அமைதிப்படுத்துவதே. ஒரு நோட்டில் மூன்று நாள், எப்போது எவ்வளவு அருந்தினோம், எப்போது கழித்தோம், எப்போது நொந்தது என்று எழுதி வரலாம். பின், கழிக்கும் இடைவெளியைச் சில நிமிடங்களாகச் சிறிது சிறிதாக நீட்டலாம். தண்ணீரை அறவே குறைப்பது பிழை. செறிந்த சிறுநீர் எரிச்சலைக் கூட்டுகிறது. காப்பி, தேநீர், புளி, காரம் ஆகியவற்றுள் தமக்கு ஒவ்வாதது எது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே கண்டறிய வேண்டும். அனைத்தையும் ஒருங்கே விலக்கி உடல் மெலிவது வேண்டா.

இறுகிய இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் பயிற்சியும் சிகிச்சையும் பயன் தருவன. 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், அத்தசைகளுக்கு நேரடியாகக் கைச்சிகிச்சை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 59 பேர் நலம் கண்டனர். பொதுவாக உடல் பிடித்துவிடப்பெற்றவர்களில் 26 பேரே நலம் கண்டனர். இங்கே ஓர் எச்சரிக்கை: இடுப்புத்தளத்தை இறுக்கிப் பழகும் பயிற்சி, சிறுநீர் ஒழுகுவோர்க்கு நல்லது, முன்பே இறுகிய தசையுடைய இந்நோயர்க்கு அது வலியைக் கூட்டக்கூடும். அமிட்ரிப்டிலின் என்னும் மருந்தைச் சிறு அளவில் மருத்துவர் தருவதுண்டு. அது மனச்சோர்வுக்கும் பயன்படுவதால், ‘நம்மைப் பைத்தியம் என்கிறாரா?’ என்று நோயாளி புண்படுவதும் உண்டு. காரணம் அஃதன்று. மூளையிலிருந்து இறங்கும் தணிக்கும் இழைகளுக்கு அது துணை செய்கிறது என்பதே கருத்து. தூக்கமும் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் உண்டாக்கும் மருந்து ஆதலால், தாமே வாங்கி உண்ணலாகாது. வேறு வழிகள் பயன்படாத சிலருக்குத் திரிக நரம்பருகே மெல்லிய மின்தூண்டல் கருவியைப் பொருத்துவதும் உண்டு. ஒரே மருந்து அனைவரையும் குணப்படுத்தும் என்று யாரேனும் உறுதி கூறினால், அவரிடம் எச்சரிக்கையாயிருப்பது நன்று. பெரும்பாலோர்க்கு வலி அடியோடு மறையாவிடினும், அது வாழ்வை ஆளாதவாறு அடங்குவது அடையத்தக்க இலக்கே.

இறுதியாக வீட்டாரிடம் ஒரு சொல். அயலூரில் வாழும் நம் குடும்பங்களில் அத்தையும் சித்தியும் பக்கத்தில் இல்லை. மருத்துவரிடம் மனம் திறந்து பேச மொழியும் தடையாகிறது. பிறமொழி மருத்துவரின் முன், கணவரையோ மகனையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு, ஒரு பெண் தன் உடலின் மறைவான வேதனையை எப்படிச் சொல்வாள்? ‘வயிற்று வலி’ என்று மட்டும் சொல்லித் திரும்புவாள். ஆகவே வலி எங்கே, பை நிறையும்போது கூடுகிறதா, கழித்தபின் குறைகிறதா, எத்தனை திங்களாக, எத்தனை முறை என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கூடுமானால் ஒரு பெண்ணே துணை செல்லட்டும். “ஒன்றுமில்லை” என்று சோதனைத்தாள் சொன்னாலும், “உனக்கு நோகிறது என்பதை நாங்கள் நம்புகிறோம்” என்று வீடு சொல்லட்டும். அந்தச் சொல் வெறும் ஆறுதலன்று. அச்சத்தைக் குறைக்கும் எதுவும் தண்டுவடத்தின் வாயிலை மூடும் பக்கம் நிற்கிறது என்பதை மேலே கண்டோம்.

ஹேடோ ஜெட்டியில் கப்பல் அணைந்துவிட்டது. நாம் மனக்கண்ணில் கண்ட அம்மையார் படியிறங்கி வருகிறார். அவரை அழைத்துச் செல்ல வந்தவர், பெட்டியை வாங்குமுன், “வழியில் மிகவும் சிரமப்பட்டாயா?” என்று கேட்கிறார். இரண்டாண்டுகளாக எவரும் கேளாத கேள்வி அது. கடற்பயணம் முடிந்தது, நலம் நோக்கிய பயணம் இங்கே தொடங்கட்டும்.